மீன், ஆமை, நீர்யானை வடிவத்துல மை அரைக்கிற கல்: பழைய எகிப்து பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்துன்னு சொன்னதுமே எல்லாரும் நேரா பிரமிடுக்கும் மம்மிக்கும் போயிடுறாங்க. பிரமிடு வர்றதுக்கு கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முன்னாடியே நைல் கரையில இருந்த ஜனங்க கையளவு கல்லை மீனாவும் ஆமையாவும் தேய்ச்சு, அதுல கண் மை அரைச்சு, செத்தப்போ அதையும் கூடவே குழிக்குள்ள எடுத்துட்டுப் போயிருக்காங்க. என்னைக் கேட்டா மியூசியத்துல தங்க முகமூடியை விட இதைத்தான் முதல்ல பாக்கணும்னு சொல்லுவேன். இதைப் பத்தி ஆளுங்க திரும்பத் திரும்ப கேக்கிற கேள்விக்கெல்லாம் இங்க பதில்.

இது என்ன பொருள்ங்க, சிம்பிளா சொல்லுங்க?

தட்டையான ஒரு கல்லு. பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள்ள அடங்கிடும், அதை விட சின்னதும் நிறைய உண்டு. அதுமேல கலர் கல்லை வச்சு, கைக்குள்ள அடங்குற வழவழப்பான ஒரு கூழாங்கல்லால அரைச்சு, கண்ணுல பூசிக்கிட்டாங்க. நம்ம அம்மியும் குழவியும் மாதிரி ஒரு ஜோடின்னு வச்சுக்கோங்க, மசாலாவுக்கு பதிலா மை. இங்கிலீஷ்காரங்க காஸ்மெடிக் பேலட்னு சொல்றாங்க, நானும் பேலட்னே எழுதுறேன்.

எந்தக் காலம்?

கிமு 4400 வாக்குல, பதாரிங்கிற ஊர் பேர்ல சொல்ற காலத்துலயே பேலட் இருக்கு, ஆனா அது வெறும் நீள்சதுரமா, ஓரத்துல ஒரு வெட்டு வச்ச மாதிரி இருக்கும். அப்புறம் கிமு 4000 தாண்டினதும், நகாடான்னு இன்னொரு ஊர் பேர்ல சொல்ற காலத்தோட முதல் பாதியில டைமண்ட் ஷேப் வருது. அதுக்குப் பின்னாடிதான், கிமு 3600, 3500ஐ ஒட்டி மிருக வடிவம் நல்லா பெருகுது. கிமு 3200க்கு அப்புறம் திரும்பவும் ஓரத்துல கோடு போட்ட நீள்சதுரம், அதோட சேர்த்து ராஜாக்களுக்குன்னு செதுக்கின பெரிய பேலட்டுங்க, அப்புறம் எகிப்தை ஆண்ட முதல் ராஜ வம்சம் முடியறதுக்குள்ள கல்லறைகள்ல இருந்து இந்தப் பொருளே ஏறக்குறைய காணாம போயிடுது. இந்த வருஷமெல்லாம் தோராயம்தான், ஐம்பது நூறு முன்ன பின்ன இருக்கும்.

எல்லாமே ஒரே சாம்பல் பச்சை கலர்ல இருக்கே, அது என்ன கல்?

நல்லா கவனிச்சிருக்கீங்க. பழைய மியூசியம் லேபிள்ல ஸ்லேட்னு எழுதியிருப்பாங்க, அது தப்பு. நிஜத்துல இது சில்ட்ஸ்டோன், கிரேவாக்கேன்னு சொல்ற குடும்பத்துக் கல்லு. நைலுக்கும் செங்கடலுக்கும் நடுவுல இருக்கிற கிழக்குப் பாலைவனத்துல வாடி ஹம்மாமாத்னு ஒரு வறண்ட ஆத்துப் பள்ளத்தாக்கு, அங்கதான் இந்தக் கல்லு கிடைக்கும். நைல் பக்கம் கிஃப்த் ஊர்ல இருந்து செங்கடல் கரையில குசைர் வரைக்கும் போற பழைய பாதை அந்த வழியாத்தான். அதாவது ஆத்தோரத்துல கிடந்த எதையோ எடுத்து தேய்ச்சதில்ல, தண்ணி இல்லாத பாலைவனத்துக்குள்ள நாள்கணக்கா போயி எடுத்துட்டு வந்த கல்லு. அந்த இடத்தோட மவுசு பிற்காலத்துலயும் குறையல, கிமு 1150 வாக்குல நாலாம் ராம்செஸ் காலத்துல பாப்பிரஸ்ல வரைஞ்ச ஒரு மேப் இப்போ இத்தாலியில டூரின் மியூசியத்துல இருக்கு, அந்த மேப்ல இருக்கிறதே இந்த வாடி ஹம்மாமாத்தும் அங்க இருந்த கல் குவாரியும் தங்கச் சுரங்கமும்தான்.

இரும்பு உளி கிடையாதே, எப்படி செதுக்கினாங்க?

செதுக்கினதை விட தேய்ச்சதுதான் அதிகம். இந்தக் கல்லு பாளம் பாளமா பெயர்ந்து வரும், அதனால தட்டையா ஆக்குறதுல பாதி வேலை மிச்சம். அப்புறம் சிக்கிமுக்கிக் கல் கருவியால ஓரத்தை ஒதுக்கி, மணலும் தண்ணியும் போட்டு தேய்ச்சு தேய்ச்சு வழவழப்பாக்கி, அதே சிக்கிமுக்கிக் கல் முனையை வச்சு சுத்தி சுத்தி ஓட்டை போட்டாங்க. பொறுமைதான் முக்கியமான டூல்.

அரைச்சது கறுப்பு மையா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க, சினிமாவுல கிளியோபாட்ராவுக்கு கறுப்பா இழுத்து விட்டிருப்பாங்கல்ல, அதோட விளைவு. இந்த மிருக பேலட் காலத்துல முக்கியமான கலர் பச்சை! மாலகைட்னு ஒரு செம்புத் தாது, நல்ல பச்சையா இருக்கும், கிழக்குப் பாலைவனத்துலயும் சினாய் பக்கமும் கிடைச்சது. கல்லறையில சின்ன தோல் பையிலயோ துணிப் பையிலயோ மாலகைட் கட்டி அப்படியே கிடைச்சிருக்கு, சில பேலட் மேல அந்தப் பச்சைக் கறை ஐயாயிரம் வருஷத்துக்கு அப்புறம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. மியூசியத்துல பாக்கும்போது நடு பாகத்துல லேசா பச்சை தெரியுதான்னு குனிஞ்சு பாருங்க.

கறுப்பு, அதாவது கலீனாங்கிற காரீயத் தாதும் இருந்துச்சு, செங்கடல் ஓரத்துல கெபல் எல் ஸெய்த் அதுக்குப் பேர்போன இடம். காவிக்கல்லையும் அரைச்சிருக்காங்க. ஆனா கறுப்பு கை ஓங்கினது பின்னாடிதான். பழைய ராஜ்ஜியம்னு சொல்ற பிரமிடு காலத்து படையல் பட்டியல்கள்ல பச்சை மையும் கறுப்பு மையும் ரெண்டுமே வருது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பச்சை ஒதுங்கி கறுப்பு நிலைச்சிருச்சு. பச்சை எப்படி இருந்திருக்கும்னு பாக்கணும்னா பாரிஸ் லூவர்ல சேபா, நேசான்னு ஒரு ஆணும் பெண்ணும் நிக்கிற சுண்ணாம்புக்கல் சிலைங்க இருக்கு, மூணாம் வம்சத்துது, கண்ணுக்குக் கீழ பச்சைப் பட்டை அடிச்சிருக்கும். மிருக பேலட்டுக்கு பல நூறு வருஷம் பிந்தினதுதான், இருந்தாலும் அந்த பழக்கம் முகத்துல எப்படி உக்காந்துச்சுன்னு அங்க பளிச்சுனு தெரியும்.

பொடியை எதுல குழைச்சாங்கன்னா கொழுப்பு, எண்ணெய், இல்ல தண்ணி. பூசினது விரலால. மை குச்சியும் மை டப்பாவும் பரவலா வர்றது ரொம்ப பின்னாடி, கிமு 2000 வாக்குல ஆரம்பிக்கிற மத்திய ராஜ்ஜியத்துலதான்.

அழகுக்கா, இல்ல மருந்துக்கா?

ரெண்டையும் பிரிக்கிறது நம்ம வேலை, அவங்க பிரிச்ச மாதிரி தெரியல. வெயில் கண்ணைக் கூசுற ஊரு, ஈ மொய்க்கிற ஊரு, கண்ணைச் சுத்தி தடிமனா ஏதாவது பூசினா கொஞ்சம் நிம்மதி. அதோட பச்சைன்னா பயிர், விளைச்சல், உயிர், அதனால அந்தக் கலருக்கே ஒரு காப்பு இருக்குன்னு நம்பினாங்கன்னு பிற்கால எழுத்துகள்ல இருந்து தெரியுது. பிரமிடுக்குள்ள சுவர்ல வெட்டின மந்திரங்கள்லயே செத்துப்போன ராஜாவுக்கு பச்சை மை குடுக்கிறது வருது. மேக்கப்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா இதெல்லாம் அடிபட்டுப் போயிடும்.

காரீயம் விஷமாச்சே, கண்ணுல பூசினா என்ன ஆகும்?

2010ல பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள், லூவர்ல இருக்கிற பிற்கால எகிப்து மை டப்பாக்கள்ல மிச்சம் இருந்த பொடியை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல இருந்த சில காரீய உப்புங்க ரொம்ப கம்மி அளவுல தோல் செல்களை நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்க வைக்குது, அது உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும், அதனால கண் நோய்க்கு கொஞ்சம் தடுப்பா இருந்திருக்கலாம்னு சொன்னாங்க. இதைப் படிச்சுட்டு பழைய மை நல்லதுன்னு ஃபார்வர்ட் அனுப்புறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். அந்த ஆய்வு மிருக பேலட்டுக்கு ரெண்டாயிரம் வருஷம் பிந்தின பொடி பத்தினது, அதோட காரீயம் கலந்த சுர்மா, மை எல்லாம் குழந்தைங்க ரத்தத்துல காரீயத்தை ஏத்துதுன்னு டாக்டருங்க எச்சரிச்சுட்டே இருக்காங்க. அமெரிக்காவுல கோல்னு (kohl) சொல்ற இந்த மாதிரி மையை அழகுசாதனப் பொருள்ல கலர் சேர்க்கவே அனுமதி கிடையாது.

சரி, விஷயத்துக்கு வாங்க. ஏன் மிருக வடிவம்? எந்தெந்த மிருகம்?

மீன்தான் ரொம்ப அதிகம். அப்புறம் ஆமை, பறவை, நீர்யானை, யானை, கொம்பு வச்ச ஆடு, மான் வகை. ஒரு கேடயம் மாதிரி உடம்பு வச்சு மேல ரெண்டு பறவைத் தலை எதிரெதிரா பாக்கிற டிசைனும் நிறைய கிடைக்குது.

ஒரு மீன் பேலட்டை கிட்டத்துல பாத்தா இப்படி இருக்கும்: உருண்டையான உடம்பு, கிட்டத்தட்ட தட்டு ஷேப்பு, வாலு சின்னதா பிரிஞ்சிருக்கும், முதுகுலயும் வயித்துலயும் துடுப்புக்கு சின்ன சின்ன கோடு கீறியிருக்கும், கண்ணுக்கு ஒரு குழி போட்டு அதுல கிளிஞ்சல் இல்ல எலும்பு வளையத்தை பதிச்சிருப்பாங்க. வளையம் விழுந்துட்டா வெறும் குழி மட்டும் நம்மளைப் பாத்துட்டு இருக்கும். முதுகுத் துடுப்பு பக்கம் கயிறு கோக்க ஒரு ஓட்டை. நடுவுல அரைச்சு அரைச்சு லேசா பள்ளம்.

இந்த உருண்டை மீன் பெரும்பாலும் திலாப்பியா. நம்ம ஏரி குளத்துல கிடக்கிற ஜிலேபி கெண்டையோட நெருங்கின சொந்தக்காரன், நைல்தான் அதுக்கு ஒரிஜினல் வீடு. இந்த மீன் முட்டையை வாய்க்குள்ள வச்சு அடைகாக்கும், குஞ்சுங்க வாயில இருந்து வெளிய வரும், ஆபத்துன்னா திரும்ப வாய்க்குள்ளயே போயிடும். பாத்தவனுக்கு இது உயிரை விழுங்கி திரும்ப உயிரைக் கக்குற மீன், அதனால பிற்கால எகிப்துல மறுபிறப்புக்கு அடையாளமாவே ஆயிடுச்சு. ஆனா அந்த அர்த்தத்தை அப்படியே ஆயிரம் வருஷம் பின்னாடி தள்ளி, கிமு 3500ல மீன் பேலட் செஞ்சவனும் அதைத்தான் நினைச்சான்னு அடிச்சுச் சொல்றது எனக்கு ஒப்பல, எழுத்தே இல்லாத காலம் அது. நைல்ல தினம் பிடிச்சு தின்ன மீனு, கையில இருந்த கல்லு தட்டையா இருந்துச்சு, அந்த உடம்பு அந்தக் கல்லுக்கு கச்சிதமா பொருந்துச்சு, இதுவும் ஒரு காரணமா இருக்கக் கூடாதா என்ன?

ஆமைக்கு என்ன கதை?

நைல்ல இருக்கிற மெது ஓட்டு ஆமை, உடம்பே தட்டையா வட்டமா இருக்கும், பேலட் செய்றவனுக்கு கொண்டாட்டம், நாலு பக்கம் கால் மொட்டு, ஒரு தலை, முடிஞ்சது. இதுல சுவாரசியம் என்னன்னா பிற்காலத்துல இதே ஆமைக்கு கெட்ட பேரு வந்துருச்சு. சூரியக் கடவுள் ரேயோட எதிரின்னு ஆக்கிட்டாங்க, செத்தவங்களோட வைக்கிற மந்திரத் தொகுப்பான இறந்தவங்க புத்தகத்துல "ரே வாழட்டும், ஆமை சாகட்டும்"னே வருது. ஆரம்ப காலத்துல அந்தப் பகை இருந்த மாதிரி தெரியல, கண்ணுக்கு மை அரைக்கிற கல்லையே ஆமையா செஞ்சு கூடவே வச்சுக்கிட்டவங்க அதைக் கண்டு பயந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணல.

எகிப்துல யானை இருந்துச்சா?

ஆத்தோரத்துல அந்தக் காலத்துலயே அரிதாயிட்டு வந்துச்சு, ஆனா ஜனங்களுக்கு நல்லா தெரியும். தெற்கு எகிப்துல ஹைராகான்போலிஸ்னு ஒரு பெரிய ஊரு, அங்க பணக்காரங்க இடுகாட்டுல ரெண்டு யானையைப் புதைச்சிருக்காங்க, கூடவே நீர்யானை, பபூன் குரங்கு, சிறுத்தை, முதலையெல்லாம் கிடைச்சிருக்கு. கிமு 3700 வாக்குல. அடக்க முடியாத மிருகத்தை அடக்கி வச்சிருக்கேன்னு காட்டுற ஆளுங்க அங்க இருந்திருக்காங்க. நீர்யானை பேலட்டைப் பாக்கும்போது இதை மனசுல வச்சுக்கோங்க, படகைக் கவுக்கிற, பயிரை மிதிக்கிற ஜந்து அது, அதைக் கையளவு கல்லா சுருக்கி மை அரைக்கிறான்!

பொம்பளைங்க பொருள்தானே இது?

இல்லவே இல்ல. ஆம்பளை, பொம்பளை, குழந்தை எல்லார் கல்லறையிலயும் கிடைக்குது. மேக்கப்னா பொம்பளைன்னு நினைக்கிறது நம்ம காலத்துப் பழக்கம். எல்லார் குழியிலயும் இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, நிறைய பேருக்கு பேலட்டே இல்ல, சில பேருக்கு ஒண்ணுக்கு மேல.

குழியில எங்க வச்சாங்க? நிஜமாவே வாழ்க்கையில யூஸ் பண்ணதா, சாவுக்குன்னு செஞ்சதா?

அந்தக் காலத்துல உடம்பை நீட்டிப் படுக்க வைக்க மாட்டாங்க. முழங்காலை மடக்கி, இடது பக்கம் ஒருக்களிச்சு, தலை தெற்கே, முகம் மேற்கே, இதுதான் பெரும்பாலும். பேலட் முகத்துக்கு முன்னாடியோ கைப்பக்கமோ இருக்கும், பக்கத்துலயே அரைக்கிற கூழாங்கல்லு, பல நேரம் பழுப்பு ஜாஸ்பர். எழுந்ததும் கைக்கு எட்டட்டும்னு வச்ச மாதிரிதான் படுது.

யூஸ் பண்ணாங்களான்னா, தேய்மானமே சாட்சி. நடுவுல பள்ளம், கறை, ஓட்டைப் பக்கம் உடைஞ்சு போனது, இதெல்லாம் சாவுக்குன்னு புதுசா செஞ்ச பொருள்ல வராது. அதே நேரம் ஒரு கீறல் கூட இல்லாத பேலட்டும் கிடைக்குது, ரொம்ப குட்டியா அரைக்கவே வசதிப்படாததும் இருக்கு, அதெல்லாம் தாயத்து மாதிரியோ குழிக்குன்னோ செஞ்சிருக்கலாம். ஓட்டை எதுக்குன்னா மாட்டி வைக்கத்தான், கழுத்துலயா இடுப்புலயா வீட்டுலயான்னா அது பேலட்டோட கனத்தைப் பொறுத்தது.

எழுத்தே இல்லைன்னா வயசு எப்படி கண்டுபிடிச்சாங்க?

இதுக்கு ஃபிளிண்டர்ஸ் பீட்ரிங்கிற இங்கிலீஷ் தொல்லியலாளர் கதை சொல்லணும். 1894-95ல பீட்ரியும் குவிபெல்லும் நகாடா, பல்லாஸ் பக்கம் தோண்டினப்போ ரெண்டாயிரத்துக்கு மேல குழி. அதுல இருந்த பானையும் பேலட்டும் தெரிஞ்ச எகிப்து மாதிரி எதுவுமே இல்ல, அதனால பீட்ரி இது வெளிய இருந்து வந்த ஒரு புது இனம்னு எழுதிட்டாரு. ஜாக் தெ மோர்கன்னு பிரெஞ்சுக்காரர், இல்லப்பா இது ராஜாக்களுக்கு முந்தின எகிப்துன்னு சொன்னாரு, அவர் சொன்னதுதான் சரின்னு ஆச்சு.

அப்புறம் பீட்ரி செஞ்ச வேலைதான் அசல் வேலை. பொருள் நிறைய இருந்த தொள்ளாயிரம் குழி வரைக்கும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டைத் துண்டு, எந்தக் குழியில எந்த டைப் பானை எந்த டைப் பேலட்னு குறிச்சு, ஒத்துப் போறதை பக்கத்துல பக்கத்துல அடுக்கிப் பாத்து ஒரு வரிசை உண்டாக்கினாரு. கம்ப்யூட்டர் இல்லாம! முதுகெலும்பு பானைதான், ஆனா பேலட்டும் நல்லா உதவிச்சு, ஏன்னா ஆரம்பத்துல துடுப்பு, கண்ணு எல்லாம் வச்சு ஒழுங்கா செஞ்ச மீனு போகப் போக சோம்பேறித்தனமா வெறும் அவுட்லைனா மாறுது. அந்த வரிசைக்கு 30ல இருந்து 80 வரைக்கும் நம்பர் குடுத்தாரு. ஏன் 1ல ஆரம்பிக்கலன்னா, இதை விடப் பழசு யாராவது கண்டுபிடிப்பாங்க, அதுக்கு இடம் இருக்கட்டும்னு. 1920கள்ல பிரண்டன், கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன்னு ரெண்டு தொல்லியலாளர்கள் பதாரியைக் கண்டுபிடிச்சு அந்தக் காலி இடத்தை நிரப்பினாங்க.

நார்மர்ங்கிற ஆரம்ப கால ராஜாவோட பேர்ல இருக்கிற பிரபலமான நார்மர் பேலட்டும் இதுதானா?

ஆமா, அதுவும் இந்த வம்சம்தான். 1897-98ல குவிபெல்லும் கிரீனும் ஹைராகான்போலிஸ் கோயில் இடத்துல எடுத்தது, கிமு 3100 வாக்குல, 64 செண்டிமீட்டர் உயரம், அதே சாம்பல் பச்சை சில்ட்ஸ்டோன். ஒரு பக்கம் ராஜா எதிரி தலைமுடியைப் பிடிச்சு கதாயுதத்தை ஓங்குறாரு, இன்னொரு பக்கம் தலை வெட்டின பிணங்க வரிசையா கிடக்கு. அந்தப் பக்கத்துல நடுவுல ரெண்டு நீளக் கழுத்து மிருகம் கழுத்தைப் பின்னிக்கிட்டு ஒரு வட்டம் உண்டாகுது பாருங்க, அதுதான் மை அரைக்கிற குழி! ராஜாவோட வெற்றியை எழுத வந்தவங்களால அந்தக் குழியை விட முடியல, சுத்திதான் படம் போட்டிருக்காங்க. அதே இடத்துல கிடைச்ச ரெண்டு நாய் பேலட்டு இப்போ ஆக்ஸ்ஃபோர்ட் ஆஷ்மோலியன்ல இருக்கு, அதுலயும் அந்த வட்டம் உண்டு. எகிப்து வரலாறு நார்மர் பேலட்ல ஆரம்பிக்குதுன்னு எழுதுறவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு, அது ஆயிரம் வருஷத்துக்கு மேல ஊர் ஜனங்க கையில தேய்ஞ்ச பொருள், ராஜா கடைசியா வந்து எடுத்துக்கிட்டாரு, அவ்ளோதான்.

அப்புறம் ஏன் நின்னு போச்சு?

மை பூசுறது நிக்கல, பேலட்டைக் குழியில வைக்கிறதுதான் நின்னுச்சு. உருவம் செதுக்குற உரிமையே அரசு, கோயில் கைக்குப் போயிருச்சுன்னு ஆய்வாளர்கள் நிறைய பேர் சொல்றாங்க, சாதாரண ஆளுக்கு வெறும் நீள்சதுரம் மிஞ்சுச்சு, அப்புறம் அதுவும் இல்ல. நல்ல கல்லு பாத்திரத்துக்கும் சிலைக்கும் போச்சு.

எகிப்துக்கு வெளிய கிடைக்குதா?

எகிப்துக்குத் தெற்கே, இப்போ சூடான் பக்கம் வர்ற நூபியாவுல ஏ-குரூப்னு ஆய்வாளர்கள் பேர் வச்ச அதே காலத்து மக்கள்கிட்ட பேலட் உண்டு, ஆனா அவங்க ஸ்டைல் வேற, வெள்ளை குவார்ட்ஸ்ல முட்டை வடிவம். எகிப்துக்குள்ளயே, ஆனா தூரமா வடக்கே நைல் டெல்டாவுல மின்ஷத் அபு ஓமர் மாதிரி இடங்கள்ல தெற்குக் கல்லு பேலட்டு கிடைச்சிருக்கு, ஆத்து வழியா படகுல போயிருக்கணும்.

எங்க பாக்கலாம்?

லண்டன்ல யூசிஎல் காலேஜோட பீட்ரி மியூசியம் என் முதல் சாய்ஸ், சின்ன இடம், 80,000 பொருள் கலெக்‌ஷன், ஆன்லைன் கேட்டலாகும் இருக்கு, பேலட்னு தேடினா குழி நம்பரோட வரும். பிரிட்டிஷ் மியூசியம், ஆஷ்மோலியன், நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன், ப்ரூக்ளின் மியூசியம், எல்லாத்துலயும் மீனு ஆமை உண்டு. நார்மர் கெய்ரோவுல.

ஆன்லைன்ல மீன் பேலட் விலைக்கு வருதே, வாங்கலாமா?

வேணாம். போலி ரொம்ப அதிகம், ஏன்னா செய்றது சுலபம், அழகா இருக்கு, உடனே விக்கும். நிஜமான பழைய வெறும் பேலட் மேல இப்போ புதுசா உருவம் செதுக்கி விலை ஏத்தினதும் நடந்திருக்கு. ஒருவேளை ஒரிஜினலாவே இருந்தாலும், 1983ல வந்த 117ம் நம்பர் சட்டப்படி எகிப்துல பழம்பொருள் வியாபாரமே தடை, அதுக்கப்புறம் வெளிய வந்ததுன்னா அது திருட்டு. எந்தக் குழியில, எந்தக் கை பக்கத்துல, எந்தப் பானையோட இருந்துச்சுங்கிற தகவல் இல்லாத பேலட்ல பாதி விஷயம் தொலைஞ்சு போச்சு. ஆசையா இருந்தா மியூசியம் கடையில ரெப்ளிகா பாருங்க, இல்ல பக்கத்து கல் கடையில ஒரு தட்டைக் கல்லை வாங்கி நீங்களே தேய்ச்சுப் பாருங்க. மாலகைட்டை மட்டும் வீட்டுல அரைக்காதீங்க, அந்தத் தூசி மூச்சுல போனா நல்லதில்ல.